துணையின்றி வந்த சிறுவர்

போடிநாயக்கனூரிலிருந்து மலையை நோக்கிச் செல்லும் சாலையொன்று கொட்டகுடி ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே சென்று குரங்கணி என்னும் சிற்றூரை அடைகிறது. ஊருக்கு மேலே சுவர்போல் எழுந்து நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலை, டாப் ஸ்டேஷன் என்னும் உச்சியிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியவாறு இச்சரிவில் இறங்கிற்று; அடிவாரத்திலிருந்து வண்டிகளில் போடிக்குச் சென்றது. பொருள் இறங்கிய மலையில் மனிதர் பிழைப்புத் தேடி ஏறினர். இன்றும் ஏறுகின்றனர். பொழுது புலருமுன்பே போடியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு விரைகின்றன. அண்மைக் காலமாக ஜார்க்கண்ட், அசாம், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலத்தாரும் அத்தோட்டங்களில் தங்கி உழைக்கின்றனர்.

பெற்றோர் சென்ற வழியே பிள்ளைகளின் மனமும் செல்லுதல் இயல்பு. சில வேளைகளில் மனத்தோடு காலும் சென்றுவிடுகிறது.

எடுத்துக்காட்டாக, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கற்பனையில் காணலாம். ஜார்க்கண்டில் ஒரு மலையோரச் சிற்றூர் அவனுக்குச் சொந்த ஊர். தந்தை ஏலத்தோட்டத்திற்குப் போய் இரண்டு ஆண்டுகள் ஆயின. பணம் வருவது நின்றது. பின்பு தொலைபேசிக் குரலும் நின்றது. ஊரிலிருந்து வேலைக்குப் புறப்பட்ட ஆட்களோடு அவனும் ரயிலேறுகிறான். வழியில் அவர்களைப் பிரிந்து, எப்படியோ போடிப் பேருந்து நிலையத்தில் வந்து இறங்குகிறான். தோட்டத்தின் பெயரில் பாதிதான் அவனுக்குத் தெரியும். தமிழ் அறியான், மலையாளமும் அறியான். யாரோ ஒரு நல்லவர் 1098 என்னும் எண்ணுக்குச் செய்தி சொல்லுகிறார். சிறிது நேரத்தில் அவனருகே ஒரு பெண்மணி வந்து அமர்கிறார். அவரே சமூகப்பணியாளர்.

இத்தகைய பிள்ளைகளைத் துணையற்றோர் என்றும், பிரிந்தோர் என்றும் இருவகையாகப் பகுப்பது உலக வழக்கு. உடன் எவருமே இல்லாதவர் துணையற்றோர். பெற்றோரை விட்டு உறவினர் எவருடனேனும் வந்தவர் பிரிந்தோர். நம்பிப் பின்தொடர்ந்த பெரியவரே இடைவழியில் கைவிட்டுப் போவதும் உண்டு. ஆகவே நேற்றுவரை இரண்டாம் வகையைச் சேர்ந்திருந்த பிள்ளை, இன்று முதல் வகையைச் சேர்ந்துவிடுகிறது.

இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர் எந்நாட்டவர் என்று அவ்விளக்கம் கேட்பதில்லை. திக்கற்றுக் காணப்படும் பிள்ளையைப் பயண நேரம் நீங்கலாக இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக்குழுவின் முன் கொண்டு நிறுத்துதல் வேண்டும். பிள்ளையின் குடும்பநிலை பற்றிய விசாரணையைப் பதினைந்து நாளில் முடித்தல் வேண்டும். பிள்ளைகள் காவல் நிலையங்களில் நாட்கணக்கில் கிடந்து வாடாதிருக்க இக்கெடு தேவையானதே. ஆயினும் சட்டத்தின் கடிகாரம் ஒன்று. பிள்ளையின் நெஞ்சில் ஓடும் கடிகாரம் வேறொன்று. இவ்விரண்டிற்கும் இடையே நின்று பணி செய்வதுதான் சமூகப்பணியாளரின் கடமை.

அவர் முதலில் கேட்பது ஊரும் பேரும் அன்று, பசிக்கிறதா என்பதே. உணவு தந்தபின் பிள்ளை ஒரு பெயர் சொல்லுகிறான். அது மெய்ப்பெயராக இராது. தந்தை இறந்துவிட்டார் என்கிறான்; மறுநாள், சென்னையில் இருக்கிறார் என்கிறான். அனுபவமில்லாதவர் இவனைப் பொய்யன் என்று எழுதிவிடுவர். பணியறிந்தவரோ அப்பொய்யை ஒரு போர்வையாகக் காண்கிறார். குளிரில் நடுங்குபவனிடமிருந்து போர்வையைப் பறிக்கலாகாது. வெப்பம் வந்தால் அவனே களைந்துவிடுவான். உண்மையைச் சொன்னால் தந்தைக்குத் தீங்கு நேருமோ, தன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ, அழைத்து வந்தவர் அடிப்பாரோ என்னும் அச்சங்கள் அப்போர்வைக்குள் ஒளிந்திருக்கின்றன.

ஏலத்தோட்டத்தில் காய் எடுப்போர் இதனை எளிதில் உணர்வர். ஏலச் செடியின் ஒரே சரத்தில் முற்றிய காயும் உண்டு, பிஞ்சும் உண்டு, மலரும் உண்டு. முற்றியதை மட்டும் எடுத்து, மற்றதை விட்டு, சில வாரம் கழித்து மீண்டும் அதே செடியிடம் வருகின்றனர். ஒரே நாளில் உருவிவிட்டால் வேலை முடியும், விளைச்சலும் முடிந்துபோகும்.

மொழிபெயர்ப்பாளர் யார் என்பது சிறிய செய்தியாகத் தோன்றும், சிறியதன்று. சிறுவனின் மொழி அறிந்தவர் என்று அகப்படுபவர் பெரும்பாலும் வேலைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியாகவோ அவருடைய நண்பராகவோ இருக்கக்கூடும். அவர் வாய்வழியே பிள்ளையின் சொல்லைக் கேட்பது, ஆட்டின் வழக்கை ஓநாயின் வாயால் கேட்பது போன்றது. அவ்வாறு தவறான ஒருவரை அமர்த்திக்கொண்டு பேசுவதினும், வேறொருவர் கிடைக்கும்வரை தாளும் வண்ணக்கோலும் கொடுத்துப் பேசாமல் அமர்ந்திருத்தல் மேல். மூன்று நாள் மௌனமாக வரைந்த பிள்ளை, நான்காம் நாள் தன் வீட்டை வரைந்து, அதில் தந்தையின் இடத்தைக் காலியாக விடுவான். அந்த வெற்றிடத்தைச் சுட்டி உடனே வினவாதிருத்தலும் பணியின் ஒரு பகுதியே.

உலகம் இக்கலையைப் பெருந்துன்பத்தின் நடுவே கற்றது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், தெரெசியன்ஸ்டாட் என்னும் நாஜி முகாமிலிருந்து மீட்கப்பட்ட யூதக் குழந்தைகள் அறுவர் 1945ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டனர். ஏறத்தாழ மூன்று வயதினர், பெற்றோரை அறியாதவர். பொம்மைகளை உடைத்தனர், பெரியவரைக் கடித்தனர். ஆனால், அறுவருள் ஒருவரை மற்றவரிடமிருந்து சிறிது பொழுதுகூடப் பிரிக்க விடவில்லை. உணவு கிடைத்தால் தமக்கு முன் மற்றவருக்குக் கிடைத்ததா என்று பார்த்தனர். அன்னா ஃபிராய்டும் சோஃபி டானும் 1951ஆம் ஆண்டில் இதனை எழுதினர். வழியில் கிடைத்த துணையையும் உடன்பிறப்பைப் போல் மதித்து, சேர்ந்தே வைக்க வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

அதே போர்க்காலத்தில், குண்டுவீச்சுக்கு அஞ்சி ஊர்ப்புறங்களுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளிடையே ஆக்ஸ்போர்டு வட்டாரத்தில் பணி செய்தவர் கிளேர் பிரிட்டன் என்னும் சமூகப்பணியாளர். பிள்ளையின் பழைய வாழ்வையும் புதிய வாழ்வையும் ஒருங்கே அறிந்த ஒருவர் இருத்தல் வேண்டும் என்று அவர் கண்டார். விடுதி மாறலாம், ஆசிரியர் மாறலாம், அந்த ஒருவர் மாறலாகாது.

இந்தியாவும் இதில் பின்தங்கியதில்லை. 1942இல் நவாநகர் மன்னர் திக்விஜயசிங், போரால் நாடிழந்து வந்த ஏறத்தாழ 1,000 போலந்துச் சிறாரை ஜாம்நகரை அடுத்த பாலாச்சடியில் வரவேற்று, தம்மைத் தந்தையாகக் கொள்ளுமாறு கூறினார். 1960இல் ஜம்முவின் சாலைப்பணி முகாம்களிலிருந்து நோயுற்று வந்த 51 திபெத்தியக் குழந்தைகளோடு தரம்சாலாவில் ஒரு காப்பகம் தொடங்கிற்று. அதுவே திபெத்தியக் குழந்தைகள் சிற்றூராக வளர்ந்தது.

தமிழ்நாட்டிற்கு மிக அண்மையிலுள்ள எடுத்துக்காட்டு இலங்கைத் தமிழர். 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் பாக்கு நீரிணையைக் கடந்து படகுகள் வந்தவண்ணம் இருந்தன. பெற்றோர் அங்கேயே தங்கிவிட, உறவினரோடோ அயலாரோடோ படகேற்றப்பட்ட பிள்ளைகளும் அவற்றில் இருந்தனர். மகன் கண்முன் இருப்பதைவிட உயிரோடு இருப்பதே போதும் என்று எண்ணிய தாய்மார் பலர். 1984இல் தோன்றிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்களில் வாழ்ந்தோரையே கல்விப் பணிக்கும் நலப்பணிக்கும் பயிற்றியது. அழும் பிள்ளையின் பேச்சில் ஊர்ப்பெயர் ஒன்று வந்தால், கேட்பவருக்கு அவ்வூர் தெரிந்திருந்தது. இதனை எந்தக் கல்லூரியும் கற்பித்துவிட இயலாது.

அப்பணியில் மிகக் கடினமான பகுதி காணாமற்போனவரைப் பற்றியது. தந்தை இறந்தார் எனில் அழலாம். வருவார் எனில் காத்திருக்கலாம். இரண்டும் தெரியாத பிள்ளைக்கு என்ன சொல்வது? 'அப்பா வந்துவிடுவார்' என்று சொல்லுதல் எளிது. கேட்ட பிள்ளையும் அன்றிரவு நன்றாக உறங்கும். ஆனால் அச்சொல்லைப் பிற்பாடு மீட்க முடியாது. 'எனக்குத் தெரியாது, தேடிக்கொண்டிருக்கிறோம், தெரிந்த அன்றே உன்னிடம் சொல்வேன்' என்பதே சொல்லத்தக்கது. அதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளையோடு அருகிலேயே இருந்தாக வேண்டும்.

போடிக்கு வந்த சிறுவனின் செய்தியிலும் இம்முடிச்சு உண்டு. அவன் அகப்பட்டது தேனி மாவட்டத்தில், தந்தை உழைக்கும் தோட்டம் இடுக்கியில், வீடு ஜார்க்கண்டில். மூன்று மாநிலத்து அலுவலகங்களுக்கும் மடல் எழுத வேண்டியிருக்கிறது. உடனே வீட்டிற்கு அனுப்பிவிட்டால் என்ன என்று பலரும் கேட்பர். குடும்பத்தோடு சேர்ப்பதே சட்டத்தின் முதல் நோக்கமும் ஆகும். ஆயினும் வீட்டு நிலையை விசாரிக்கையில், தந்தை வாங்கிய முன்பணத்திற்கு ஈடாக மகனைக் கேட்டு ஒருவர் வாசலில் நிற்பது தெரிய வந்தால்? பிள்ளை தந்தையைத் தேடி வந்தானா, அம்மனிதரிடமிருந்து தப்பி வந்தானா என்னும் வினா அப்போதுதான் எழுகிறது. விடை தெரியாமல் பயணச்சீட்டு வாங்கினால், தப்பியவனைப் பிடித்துக் கொடுத்ததாகவும் முடியலாம். சில வாரத் தாமதத்தில் பிள்ளைக்கு ஏக்கம் மிகும். அவசரத்தில் அதனினும் பெரிய கேடு நேரலாம். இரண்டையும் எடைபோட்டு, குழுவின் முன் எழுத்தில் உரைப்பவர் சமூகப்பணியாளரே. சிறுவனின் விருப்பத்தையும் அவர் கேட்டே எழுதுகிறார்.

பழந்தமிழில் ஆற்றுப்படுத்தல் என்றால் வழிகாட்டி அனுப்புதல். வறுமையோடு வந்த கலைஞனை, தான் கண்ட வள்ளலிடம் செல்லும் வழி கூறி மற்றொரு கலைஞன் அனுப்பினான். இக்காலத்தில் உளநலப் பணிக்கு அச்சொல் பொருத்தமாகவே வழங்குகிறது. ஒரு வேறுபாடு உண்டு: இங்கு வழிகாட்டுபவரும் முன்பு அவ்வழியே சென்றவர் அல்லர்.

விசாரணை நடைபெறும் நாட்களில் சிறுவன் காப்பகத்தில் இருக்கிறான். அங்கே அவன் ரொட்டியில் பாதியைத் தலையணைக்கடியில் ஒளித்துவைப்பதைக் கண்டு எவரும் கடிவதில்லை. சமூகப்பணியாளர் வாரந்தோறும் வியாழக்கிழமை வருகிறார். அவன் மொழியில் அக்காளைத் 'தீதி' என்பர். இரண்டாம் வாரத்திலிருந்து அவரை அவ்வாறே அழைக்கிறான். தோட்டத்தின் பெயரில் மற்றொரு பாதியும் நினைவுக்கு வந்துவிட்டதாக ஒரு நாள் சொல்லுகிறான். அடுத்த வியாழக்கிழமைக்குள் அத்தோட்டத்தைத் தேடிச் சென்று வருவதாகக் கூறி அவர் மலையேறுகிறார்.

அது மழைக்காலம். மண் சரிந்து போடிமெட்டுச் சாலை அடைபட்டுப் போகிறது. வியாழன் மாலைக்குள் திரும்ப இயலாதென்று கண்டதும், அவர் காப்பகத்திற்குத் தொலைபேசியில் பேசுகிறார். செய்தியைச் சொல்லிவிடுகிறோம் என்கிறார் காப்பாளர். அதை ஏற்காமல், சிறுவனையே தொலைபேசிக்கு அழைத்து வரச் செய்து, இன்று வர இயலவில்லை, சனிக்கிழமை வருகிறேன் என்று அவனிடமே சொல்லுகிறார்.