எங்கள் ஃபைபர் வண்டி

காட்பாடி சித்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் எங்க அப்பாவின் டிபன் வண்டியைச் சிலர் பார்த்திருப்பீர்கள். வெள்ளையாக முட்டை மாதிரி இருக்கும். ஒரு மூலை மட்டும் மஞ்சளாகத் தெரியும். அது ஏன் என்று பல பேர் கேட்டுவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

ஷூ கம்பெனியில் ஆர்டர் குறைந்து அப்பாவுக்கு வேலை நின்றபோது, கடன் வாங்கி இந்த வண்டியை வாங்கினார். முன்பு ஐஸ்கிரீம் விற்ற வண்டி. ஆட்டோவின் பின்னால் மாட்டி இழுக்கலாம். மூலையில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

ராணிப்பேட்டையில் கெமிக்கல் தொட்டிகளுக்கு ஃபைபர் பூசுகிற என் மாமா வந்தார். ஒரு ரூபாய் காசால் வண்டி முழுக்கத் தட்டினார். நல்ல இடத்தில் 'டங்' என்றது, கெட்ட இடத்தில் 'டொக்' என்றது. உள்ளே அடுக்கு விட்டுப்போன இடமாம் அது. ஓட்டையைவிட அந்த 'டொக்' இடம்தான் பெரிசு! "ஃபைபர் துருப்பிடிக்காதுடா, ஆனா உள்ள இருக்கிற பலகை ஊறும், போல்ட்டு துருப்பிடிக்கும்" என்றார். அதேபோல ஜன்னல் ரப்பர் வழியாக மழைத் தண்ணீர் இறங்கி, தரைப் பலகை ஊறின ரொட்டி மாதிரி இருந்தது. பெங்களூரில் 1982-இல் வந்த சிபானி டால்ஃபின் காருக்கும் ஃபைபர் பாடிதான் என்றும் சொன்னார். எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

கெட்டதை எடுத்துவிட்டு ஓட்டையைச் சுற்றி அகலமாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். முகத்தில் துணி, கையில் உறை, முழுக்கைச் சட்டை. அப்படியும் இரண்டு நாள் அரிப்பு. பிறகு கண்ணாடி நார் மேட்டைச் சின்னது, பெரிசு என்று வெட்டி அடுக்கி, ரெசின் தடவ வேண்டும். ரெசினில் முதலில் கோபால்ட்டைக் கலக்கி, கடைசியில்தான் ஹார்ட்னர். கோபால்ட்டும் ஹார்ட்னரும் நேராகச் சேர்ந்தால் வெடிக்கும். இதை மாமா மூணு தடவை சொன்னார்.

அளவையும் சொன்னார். வெயில் காலத்தில் ஒரு கிலோவுக்கு 10 மில்லி போதும். நான்தான் சீக்கிரம் காயட்டும் என்று, மே மாசம் மத்தியானம், அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் கண்ணளவில் ஊற்றினேன். பிரஷ் வைப்பதற்குள் டப்பா சுட்டது. புகை வந்தது. மாமா ஓடி வந்து அதைக் குச்சியால் மணலில் தள்ளினார்.

"இன்னாடா பண்ணே?"

அப்பா என்னைத் திட்டவே இல்லை. பையைத் தடவிப் பார்த்துவிட்டு வெளியே போனார். அடுத்த ரெசின் வாங்க நாலு நாள் ஆனது. கடை திறப்பதும் நாலு நாள் தள்ளிப்போனது. அந்த நாலு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த தடவை காலை 6 மணிக்கே ஆரம்பித்தோம். ஹார்ட்னரை மருந்து மூடியில் அளந்தது நான்தான். அப்பாதான் என்னிடம் கொடுத்தார். புது பிளைவுட், புது ஜன்னல் ரப்பர் போட்டோம். ரெசின் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்புக்குப் பின்னால் இடைவெளி விட்டு ஸ்டீல் தகடு. சிலிண்டர் வெளியே தனிக் கூண்டில். கேஸ் கனமானது, கீழேதான் தங்கும் என்று தரையோரம் காற்று ஓட்டையும் வைத்தார் மாமா.

கலர் மட்டும் சேரவில்லை. டப்பாவில் கல்லாகி இரண்டாக வெடித்த அந்தக் கட்டிகள் இப்போது வண்டியின் இரண்டு டயருக்கும் முட்டுக்கொடுக்கின்றன. தினமும் அவற்றை எடுத்து வைப்பது என் வேலை.