மலையாளத்தில் அழ வரவில்லை

அரசுப் பள்ளியில் கவுன்சிலர் வைப்பதில் கேரளா பல மாநிலங்களுக்கு முன்னோடி. பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டுத் துறை ஒப்பந்த முறையில் ஆள் போடுகிறது. 2020 ஊரடங்கில், மார்ச் கடைசியிலிருந்து ஜூலைக்குள் 18 வயதுக்குட்பட்ட 66 பேர் தற்கொலை செய்துகொண்டதாக முதல்வரே சொன்னார். உடனே போலீஸ் துறை குழந்தைகளுக்கென்று ஒரு போன் உதவி ஆரம்பித்தது. பெயர் 'சிரி'. நம்ம தமிழ்ப் பிள்ளைக்கும் புரிகிற பெயர்தான். பேச்சு புரிய வேண்டுமே!

மூணாறில் இருக்கும் என் அக்கா மகள் ஒன்பதாவது படிக்கிறாள். கொஞ்ச நாளாகச் சாப்பாடு, தூக்கம் சரியில்லை. பள்ளியில் கவுன்சிலர் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். போனில் விசாரித்தேன். "டீச்சர் நல்லவங்கதான் மாமா. ஆனா எனக்கு மலையாளத்துல அழ வரல" என்றாள்.

நான் பி.காம். படித்த பேங்க்காரன், மனநலமெல்லாம் நம்ம ஏரியா இல்லைங்க. ஆனால் ஒன்று தெரியும். இங்கே மஸ்கட்டில் கடன் ஃபாரம் புரியாதவருக்குப் பக்கத்தில் நிற்பவர் மொழிபெயர்த்துச் சொல்லிவிடுவார். மனசில் இருப்பதை அப்படி மூன்றாம் ஆளை வைத்துச் சொல்ல முடியுமா?

அதே 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. 70 பேர். பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், அதில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. உடன் படித்தவர்கள் அந்தப் பயத்தை எந்த மொழியில் சொல்லியிருப்பார்கள்?

தொடக்கக் கல்வி தாய்மொழியில் வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் 350ஏ பிரிவை 1956-லேயே சேர்த்துவிட்டார்கள். கேரள பி.எஸ்.சி. தமிழ் மீடியம் ஆசிரியர் வேலைக்குத் தனியாகவே விண்ணப்பம் கேட்கிறது. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் பக்கம் கவுன்சிலருக்கும் 'தமிழ் தெரிந்திருக்க வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்தால் என்ன செலவாகிவிடும்?

2022 அக்டோபரில் வந்த டெலி மானஸ் (14416) இருக்கிறதே என்பீர்கள். இலவசம், தமிழும் உண்டு. அக்காவிடம் நம்பர் கொடுத்தேன். "லயத்துல எங்கடா தனியா நின்னு பேசுறது? இந்த வீட்டுல தும்மினா அடுத்த வீட்டுல கேக்கும்" என்கிறாள். கதவைச் சாத்திப் பேச அந்தப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே இடம் பள்ளிக்கூடத்துக் கவுன்சிலிங் ரூம்தான்.

கொழிஞ்சாம்பாறை, வண்டிப்பெரியார் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால், அங்கே பள்ளியில் கவுன்சிலர் தமிழ் பேசுகிறாரா என்று அடுத்த பி.டி.ஏ. கூட்டத்தில் கேட்கச் சொல்லுங்களேன்.