மாட்டு மருந்தும் குதிரை வயிறும்

மெரினா மணலிலும் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் சவாரிக்கு நிற்கும் குதிரைகளைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்தக் குதிரை ஒரு நாள் படுத்துவிட்டால் அன்றைக்கு வருமானம் இல்லை. ஆனால் தீவனச் செலவு நிற்காது! வயிற்றில் புழு சேர்ந்தால் குதிரை மெலியும், வயிற்றுவலி வரும், சில நேரம் உயிரே போகும்.

குதிரைக்கென்று தயாராகும் பசை மருந்து எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. மாட்டு மருந்து சுலபமாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. "மருந்து ஒன்றுதானே, கொடுத்தால் என்ன?" என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. குதிரைகள் அதிகமுள்ள அமெரிக்காவிலும் இதே கேள்வி உண்டு.

கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. மாட்டு ஊசியிலும் குதிரைப் பசையிலும் ஐவர்மெக்டின் ஒரே அளவுதான்: ஒரு கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம். ஜப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்த இந்த மருந்துக்காக சதோஷி ஓமுராவும் வில்லியம் கேம்ப்பெலும் 2015-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

மருந்து ஒன்றாக இருந்தாலும் அதைக் கொடுக்கும் வழி ஒன்றல்ல. சிக்கல் இங்கேதான்.

ஊசி: 1980-களில் குதிரைக்கும் ஐவர்மெக்டின் ஊசி விற்பனைக்கு வந்தது. ஊசி போட்ட இடம் வீங்கி, கடுமையான பாக்டீரியா தொற்று ஏற்பட்டதால் அது கைவிடப்பட்டு, வாய்வழி பசை வந்தது. மாட்டு ஊசியைக் குதிரைக்குப் போடுவது அதே ஆபத்தை மறுபடி அழைப்பது. அதை வாயில் ஊற்றுபவர்களும் உண்டு. ஆனால் அது அந்த வழிக்கென்று அனுமதி பெற்ற மருந்தல்ல.

முதுகில் ஊற்றும் மருந்து: இது மாட்டுத் தோலுக்காகச் செய்தது. குதிரைக்கு எவ்வளவு உள்ளே போகும் என்று நம்ப முடியாது.

தீவனக் கலவை: மிகப் பெரிய ஆபத்து இதுதான். மாட்டுத் தீவனத்திலும் கோழித் தீவனத்திலும் சேர்க்கப்படும் மோனென்சின் புழு மருந்தல்ல. ஆனால் மாடு தாங்கும் அளவில் சிறு பங்கே குதிரையின் இதயத் தசையை அழித்துக் கொன்றுவிடும். இதற்கு மாற்று மருந்தும் கிடையாது.

லெவாமிசோல்: மாட்டுக்கும் ஆட்டுக்கும் பழகிய மருந்து. குதிரைக்குப் பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. தொடாமல் இருப்பதே நல்லது.

இனி கணக்கு. கண்மதிப்பில் எடை சொன்னால் பெரும்பாலும் குறைத்தே சொல்வார்கள். குறைந்த அளவு மருந்தில் தப்பிப் பிழைக்கும் புழுக்கள்தான் அடுத்த தலைமுறையைப் பெருக்கும். ஒரு டேப் போதும்: நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி (எல்லாம் செ.மீ.-ல்), 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் வரும். சுற்றளவு 150, நீளம் 135 என்றால் சுமார் 256 கிலோ.

அமெரிக்காவில் விற்கும் சாதாரண 1.87% பசைக் குழல் ஒன்று சுமார் 567 கிலோ எடைக்குப் போதும். அதாவது இப்படிப்பட்ட மட்டக்குதிரைகள் இரண்டுக்கு ஒரே குழல்! பாட்டில் விலையோடு குழல் விலையை ஒப்பிடாமல், ஒரு வேளை மருந்துக்கு என்ன செலவு என்று பார்த்தால் வித்தியாசம் சுருங்கிவிடும்.

அதைவிடப் பெரிய சேமிப்பு தேவையில்லாத மருந்தைக் கொடுக்காமல் இருப்பது. வளர்ந்த குதிரைகளில் ஏறக்குறைய 20 சதவீதம்தான் புழு முட்டைகளில் 80 சதவீதத்தை வெளியேற்றுகின்றன. லத்தியைப் பரிசோதித்து முட்டைகளை எண்ணினால் எந்தக் குதிரைக்கு மருந்து அவசியம் என்று தெரியும். மருந்து கொடுத்து இரண்டு வாரம் கழித்து மீண்டும் எண்ணினால் அது வேலை செய்ததா என்பதும் தெரியும். பல நாடுகளில் குதிரையின் சிறு வட்டப்புழுக்கள் பென்பெண்டசோலுக்கும், குட்டிகளின் பெரிய உருண்டைப்புழுக்கள் ஐவர்மெக்டினுக்கும் பழகிவிட்டன. டென்மார்க்கில் 1999 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமல் புழு மருந்து வாங்க முடியாது.

குட்டி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வயிறு நிறையப் புழு இருக்கும் குட்டிக்கு மருந்து கொடுத்தால், செத்த புழுக்களே குடலை அடைத்துவிடக்கூடும். முதலில் மருத்துவரைக் கேட்பதுதான் சரி.

காசு செலவில்லாத ஒன்றும் இருக்கிறது. மேயும் இடத்திலிருந்து வாரம் இருமுறை லத்தியை அள்ளி அகற்றினால் புழு பரவுவது வெகுவாகக் குறையும். அதற்கு ஒரு கூடையும் கொஞ்சம் உழைப்பும் போதும்.