எண் தவறு, பொருள் மெய்



எங்கள் சபையில் வளர்ந்து, இப்பொழுது அமெரிக்காவில் பணிபுரியும் தம்பி ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு விதவைத் தாயாரிடம் அவர் கணவரின் பழைய கிப்சன் மின்கிட்டாரை வாங்கினார். வாலிப நாட்களில் நான் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்ததை அவர் அறிவார். "ஐயா, இதன் பிக்கப் அசல்தானா?" என்று கேட்டுப் படங்களை அனுப்பினார்.

கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றுவது பிக்கப். ஒற்றைச் சுருள் பிக்கப்பில் மின்சார இரைச்சலும் சேர்ந்து ஒலிக்கும். கிப்சன் பொறியாளர் சேத் லவர், இரு சுருள்களை எதிரெதிராக இணைத்து அவ்விரைச்சலை நீக்கினார். 1955இல் விண்ணப்பித்த காப்புரிமை 1959இல் கிடைத்தது. எனினும், 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்ற ஆங்கில ஒட்டுத்தாளே ஏறக்குறைய 1962 வரை அவற்றின் அடியில் இருந்தது. பின்னரே காப்புரிமை எண் அச்சிட்ட தாள் வந்தது.

தம்பியின் பிக்கப்பில் இருந்த எண் 2,737,842. தேடிப் பார்த்தேன். அது லெஸ் பால் என்னும் இசைக்கலைஞர், கிட்டாரில் கம்பிகளைத் தாங்கும் பாலத்திற்காக 1956இல் பெற்ற காப்புரிமையின் எண். லவருடைய எண்ணோ 2,896,491. "இது போலி" என்று உடனே எழுதிவிட்டேன். தம்பி என் சொல்லை நம்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். அந்தத் தாயார் வாதாடாமல் கொடுத்துவிட்டார்.

சில மாதங்கள் கழித்து, பழைய கிட்டார்களைப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "கிப்சனே அச்சிட்ட தவறான எண் அது, போதகரே! ஒட்டுத்தாளை இன்று எவரும் அச்சிடலாம். அடித்தகட்டின் கால்களில் அச்சுக்கருவி பதித்த 'எல்' வடிவத் தழும்பு உண்டா? வெளிவரும் கம்பிக்கு உலோகப் பின்னலுறை உண்டா? மூடியைப் பற்றவைத்த ஈயம் கலையாமல் இருக்கிறதா? இவற்றையல்லவா முதலில் பார்க்க வேண்டும்? மூடியைக் கழற்றினால் உள்ளே இன்னும் அடையாளங்கள் உண்டு. ஆனால் அந்த ஈயத்தை ஒருமுறை உருக்கிவிட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது" என்றார்.

படங்களை மீண்டும் திறந்தேன். அவர் சொன்ன அடையாளங்கள் யாவும் அங்கே இருந்தன. நான் எண்ணை மட்டுமே பார்த்திருந்தேன்.

தம்பியும் நானும் அந்தத் தாயாரைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டோம். கிட்டாரோ விற்றாகிவிட்டது. "போலியாம் என்று வாங்கியவரிடம் சொல்லித்தான் கொடுத்தேன்" என்றார், குறைந்த விலைக்கு. அவருடைய நேர்மையே அவருக்கு நஷ்டமாயிற்று. அதற்குக் காரணம் நான். அவர் எங்களை மன்னித்தார். இழந்ததை எங்களால் மீட்டுத்தர முடியவில்லை.

பிரியமானவர்களே, அன்று நான் சொன்ன செய்தியில் பொய் இல்லை. அந்த எண் பிக்கப்பினுடையது அன்று. அந்த ஒரு செய்தியைக் கொண்டு முழுவதையும் தீர்ப்பிட்டதே என் பிழை. இந்த வாரம் ஒருவரைக் குறித்து "போலி" என்ற சொல் உங்கள் நாவில் எழுமானால், எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று ஒருமுறை உங்களையே கேளுங்கள். நானும் கேட்கப் பழகிவருகிறேன்.

கர்த்தர் நம் கண்களைத் தெளிவாக்குவாராக. ஆமென்.