எட்டுப் பெயர், ஒரே காற்று

நான் கணக்குப் பார்க்கப் போகும் ஆபீஸில் கூரைக்கு ஒரே ஒரு வை-ஃபை பெட்டி. செல்போனில் தேடினால் எட்டுப் பெயர்கள்! எம்.டி.க்கு ஒன்று, அவருடைய பி.ஏ.வுக்கு ஒன்று, அக்கவுன்ட்ஸ், சேல்ஸ், விருந்தாளி, பிரின்டர், கேமரா... எட்டாவது எதற்கென்று யாருக்கும் தெரியாது.

தனிப் பெயர் என்றால் தனி ரோடு என்று நினைப்பு. ரோடு ஒன்றுதான் சார். ஒரு சேனலில் ஒரு சமயத்தில் ஒருத்தர்தான் பேசலாம். இதில் ஒவ்வொரு பெயரும், யாரும் சீந்தாவிட்டாலும், விநாடிக்குச் சுமார் 10 தடவை 'நான் இருக்கேன்' என்று கூவியாக வேண்டும். பீக்கன் என்பார்கள். பழைய கருவிக்கும் புரியட்டும் என்று, 2.4 கிகாஹெர்ட்ஸில் பல பெட்டிகள் இதை 1 மெகாபிட் வேகத்தில், ஆற அமரக் கூவும். 300 பைட் கூவலுக்குச் சுமார் 2.5 மில்லி செகண்ட். பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? பெருக்கினேன். எட்டுப் பெயருக்கு 200! விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு, ஒரு மெயில்கூடப் போகாமலே காலி. பெயரை மறைத்து வைத்தாலும் கூவல் நிற்காது.

20-ம் தேதி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன். திரையில் சக்கரம் சுற்றும். "காலையிலேர்ந்து என்னம்மா பண்றே?" என்று திட்டு வாங்குவது அக்கவுன்ட்ஸ் பெண்.

"மூணு பேர் போதும் சார், அந்த 1 மெகாபிட்டையும் நிறுத்திடலாம்" என்றான் நெட்வொர்க் பையன். எழுதி எம்.டி.க்கு அனுப்பினோம். திரும்பி வந்தது: 'எட்டாவது யாருடையது என்று விசாரித்து, அதை மட்டும் எடுக்கவும்.'

விசாரணை நடக்கிறது. 20-ம் தேதிக்கு இன்னும் நாலு நாள்.