24 டிகிரி வெக்கை

அமெரிக்க ஓட்டல்களிலும் ரயில் பெட்டிகளிலும் குளிர்காலத்தில் சூடு தாங்காது என்று 1893-இல் ஒரு பயணக் கையேடு எச்சரித்தது. எவ்வளவு சூடு? 70 முதல் 75 டிகிரி ஃபாரன்ஹீட். செல்சியஸில் 21-லிருந்து 24. இதைத் தமிழில் பெயர்ப்பவர் கணக்கைப் பிசகாமல் போட்டுவிடலாம். படிக்கிற மதுரைக்காரருக்குச் சிரிப்புத்தான் வரும். ஏ.சி.யை 24-இல் வைத்துவிட்டுப் போர்வை தேடுகிறவர் அவர்.

கையேட்டை வெளியிட்டது ஜெர்மனியின் பேடெக்கர் நிறுவனம். எழுதியவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் ஃபுல்லர்ட்டன் மியூர்ஹெட். பேடெக்கரின் ஆங்கிலப் பதிப்புகளைக் கவனித்துக்கொண்டவர். அமெரிக்கர் பேசுவதும் ஆங்கிலம்தானே என்று அவர் சும்மா இருந்துவிடவில்லை. அமெரிக்கச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் பட்டியல் ஒன்றைச் சேர்த்தார். தமக்குக் கீழ்ப்பட்டவர் என்று பயணி நினைப்பவர்களிடம் அங்கே பணிவை எதிர்பார்க்கக் கூடாது என்றும் எழுதினார். வேலைக்காரரின் வணக்கத்துக்குப் பழகிய லண்டன் கனவானுக்குத்தான் அந்த வரி. நியூயார்க்காரருக்கு அது எதற்கு? தரையில் துப்பும் பழக்கமும் மியூர்ஹெட்டின் புகார்ப் பட்டியலில் உண்டு. அதைப் படித்து நம்மவர் அவ்வளவாக அதிர்ந்துவிட மாட்டார்.

எதைச் சொல்ல வேண்டும், எதை விடலாம் என்பதைக் கையேடு தன் வாசகரை வைத்தே முடிவு செய்கிறது. அது சொல்லாமல் விட்ட இடத்தில்தான் மொழிபெயர்ப்பாளரின் வேலை தொடங்குகிறது.

ஜப்பானை எடுத்துக்கொள்ளலாம். ஓட்டலில் டிப்ஸ் வைக்க வேண்டாம் என்பதை ஆங்கிலக் கையேடுகள் அழுத்திச் சொல்லும். பில்லோடு 20 சதவீதம் சேர்த்து வைத்தே பழகிய அமெரிக்கருக்கு அது தேவை. தமிழில் ஒரு வரி போதும். மிசோ சூப்போ நேர்மாறு. டோஃபுவும் கடற்பாசியும் மிதக்கும் சூப் என்று அப்படியே பெயர்த்தால், சைவக்காரர் நம்பிக் கிண்ணத்தை எடுத்துவிடுவார். அந்தச் சாற்றுக்கு அடிப்படை பெரும்பாலும் கட்சுவோபுஷி: சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, கட்டைபோல் இறுகும்வரை காயவைத்துச் சீவியது. தூத்துக்குடிக்காரருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் இத்தனை விளக்கம் வேண்டியதில்லை. 'நம்ம மாசிக் கருவாடு மாதிரி' என்றால் முடிந்தது. மூலத்தில் இல்லாத அந்தச் சொல்லைச் சேர்க்கத் தயங்குகிற மொழிபெயர்ப்பாளர், வாசகரைப் பட்டினி போடுகிறார், இல்லையென்றால் விரதத்தைக் கெடுக்கிறார்.

பேடெக்கர் இந்தியாவுக்கும் ஒரு நூல் போட்டது. இலங்கை, பர்மா, சயாம், ஜாவா எல்லாம் சேர்ந்த ஜெர்மன் நூல். ஆங்கிலேயர் கையில் முர்ரே நிறுவனத்தின் கையேடு ஏற்கெனவே இருந்தது. கலெக்டர் உத்தியோகத்தில் மாமனோ மச்சானோ இருந்த ஆங்கிலேயருக்கு பயணிகள் தங்கும் டாக் பங்களா என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஜெர்மனியிலிருந்து கப்பலேறுகிறவருக்கு எல்லாவற்றையும் அடியிலிருந்து சொல்லியாக வேண்டும். நூல் வெளியானது 1914-இல். அந்த ஆகஸ்டிலேயே போர் மூண்டு, பிரிட்டிஷ் இந்தியாவின் கதவு ஜெர்மானியருக்கு அடைபட்டது. அதன் ஆங்கிலப் பதிப்பைப் பேடெக்கர் கடைசிவரை வெளியிடவில்லை.