லோணார் வழியில் ஐந்தாம் சக்கரம்

பாரத நாட்டின் படத்தை விரித்து அதன் நடுவே விரலை ஊன்றினால், அது பெரும்பாலும் நாகபுரியின் அருகேதான் விழும். சென்னையிலிருந்து தில்லி செல்லும் இருப்புப் பாதையும், மும்பையிலிருந்து ஹௌரா செல்லும் இருப்புப் பாதையும் இவ்வூரில் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. இரயில்வே உத்தியோகத்தின் பொருட்டு இங்கே வந்து, இங்கேயே பிள்ளைகளைப் படிக்க வைத்து, இவ்வூர்க்காரராகவே ஆகிவிட்ட தமிழர் பலர் உண்டு. ஊருக்குப் போவதென்றால் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் என்றிருந்த காலம் மெல்ல மாறி வருகிறது. சொந்த மோட்டார் வண்டியில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு, ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் தேசிய நெடுஞ்சாலை வழியே தமிழகம் செல்லும் குடும்பங்களைப் பள்ளி விடுமுறைதோறும் காண்கிறோம். அத்தகைய அன்பர்களுக்கு, சென்ற தை மாதத்தில் நாங்கள் லோணார் ஏரிக்குச் சென்று வந்த சிறு பிரயாணத்தின் விவரம் பயன்படக் கூடும்.

வண்டி எங்கள் அலுவலக நண்பருடையது. நண்பர், அவர் மனைவி, பள்ளியில் படிக்கும் மகன், நான், என் மனைவி ஆகிய ஐவர் புறப்பட்டோம். சாமான்களை ஏற்றுவதற்கு முன்பே நண்பர் வண்டியைப் பெட்ரோல் பங்குக்குக் கொண்டுபோய்க் காற்றுப் பார்த்து வந்தார். நான்கு சக்கரங்களையும் பார்த்து முடித்த பையன் குழாயைச் சுருட்டத் தொடங்கினான். "ஐந்தாவதையும் பார், தம்பி" என்று நண்பர் இந்தியில் சொல்லிப் பின்கதவைத் திறந்தார். கேஜ் 21 பவுண்டு காட்டிற்று. இருக்க வேண்டியது 33. ஓராண்டுக்கு முன்னர் நிரப்பியது அது. ஆணி குத்தவில்லை, ஒரு நாள்கூட ஓடவில்லை. ஆயினும் 12 பவுண்டு போய்விட்டது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. ரப்பர் எவ்வளவு கெட்டியானாலும் காற்று அதனூடே மிக மெல்லக் கசியும். மாதத்துக்கு ஒன்று, இரண்டு பவுண்டு குறைவது நல்ல டயருக்கும் இயல்பே. ஓடும் சக்கரம் தளர்ந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பார்ப்பவர் கண்ணிலும் படும். மூட்டைக்கு அடியில் கிடக்கும் சக்கரம் தளர்ந்தால் யாருக்குத் தெரியும்? டயர் அழுத்தத்தைத் தானே காட்டும் கருவி புதிய வண்டிகளில் வருகிறது. பெரும்பாலானவற்றில் அக்கருவியும் ஐந்தாம் சக்கரத்தைக் கணக்கில் கொள்வதில்லை.

நம் நாட்டில் எல்லோரும் ஸ்டெப்னி என்று சொல்லும் இப்பெயர் எங்கிருந்து வந்தது என்று நண்பரின் மகன் கேட்டான். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்னும் ஊரில், ஸ்டெப்னி தெருவில், டேவிஸ் சகோதரர்கள் 1904-இல் உபரிச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினர். அத்தெருவின் பெயர் சக்கரத்துக்கு ஆகி, கடல் கடந்து இங்கே வந்து நிலைத்துவிட்டது.

நாகபுரியின் புறத்தே தொடங்கும் சம்ருத்தி நெடுஞ்சாலையில் ஏறினோம். மும்பையை அடுத்த தாணே மாவட்டம் வரை 701 கிலோமீட்டர் செல்லும் இச்சாலையின் முதற்பகுதி, ஷீரடி வரை, 2022 டிசம்பரில் திறக்கப்பட்டது. 2025 ஜூனில் முழுச் சாலையும் நிறைவெய்தியது. கார்களுக்கு மணிக்கு 120 கிலோமீட்டர் வரை அனுமதி. இருபுறமும் பருத்தியும் துவரையும் விளையும் கரிசல் நிலம். வார்தா இறக்கம் வந்தபோது, 1936-இல் காந்தியடிகள் குடியேறிய சேவாகிராமம் அண்மையில் இருப்பதை நினைத்து மனத்தால் வணங்கி மேற்சென்றோம்.

சாலையின் அழகைப் போற்றும்போதே ஒன்றைக் கவனித்தேன். பழைய சாலைகளில் மரக்கிளையில் ஒரு தேய்ந்த டயரைத் தொங்கவிட்டு, "ஹவா" என்று சுண்ணாம்பால் எழுதியிருப்பார்கள். அங்கே பங்க்சர் ஒட்டுபவர் ஒருவர் இருப்பார். வேலியிட்ட இப்பெருஞ்சாலையின் ஓரத்தில் அப்படி ஒருவர் இல்லை. திறந்த புதிதில் டயர் வெடித்து நேர்ந்த விபத்துகளைப் பற்றிச் செய்தித்தாள்கள் அடிக்கடி எழுதின. 2023-இல் போக்குவரத்து அதிகாரிகள் வண்டிகளை நிறுத்தி டயர்களைச் சோதித்தனர். காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் சுழலுந்தோறும் மடிந்து மடிந்து சூடேறும். வேகமும் பாரமும் வெயிலும் சேர்ந்தால் அச்சூடே அதைக் கிழித்துவிடும். ஆகவே தளர்ந்த ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு பழைய வேகத்திலேயே செல்வது, பங்க்சரைவிடப் பெரிய அபாயம்.

மேகர் என்னும் ஊரருகே நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி லோணார் சாலையில் திரும்பினோம். சிறிது தூரத்தில் ஒரு வண்டி ஓரமாக நின்றது. கருவேல மரத்தின் அற்ப நிழலில் மூதாட்டி ஒருவர் பையின்மேல் அமர்ந்திருந்தார். பங்க்சரான சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டி ஜாக்கியை இறக்கியிருக்கிறார்கள். வண்டியின் பாரம் விழுந்ததும் அது அப்படியே தரையோடு அமுங்கிவிட்டது. அந்த அம்மையாருக்குச் சர்க்கரை வியாதி. உணவு வேளை கடந்துகொண்டிருந்தது. மகனின் முகத்தில் கவலை தெரிந்தது.

எங்கள் ஸ்டெப்னியைக் கொடுக்கலாம் என்று பார்த்தோம். போல்ட் துளைகள் பொருந்தவில்லை. நண்பர் தம் கால் பம்பை எடுத்தார். மீண்டும் ஜாக்கியை ஏற்றிப் பாரத்தை நீக்கி, மாற்றி மாற்றி மிதித்தோம். 8 பவுண்டில் இருந்தது, வியர்வை வழிய 33-க்கு வந்தது. வால்வின்மேல் சோப்பு நீர் தடவிப் பார்த்தோம், குமிழி எழவில்லை. டயரில் ஒரு குற்றமும் இல்லை. அதற்குக் குறைவாக இருந்தது காற்று ஒன்றுதான். இதற்கிடையே என் மனைவி இட்லிப் பொட்டலத்தை அவிழ்த்து, "சாப்பிடுங்கள், ஆஜி" என்று மூதாட்டியிடம் கொடுத்தாள். மராட்டியில் பாட்டியை ஆஜி என்பார்கள். மிளகாய்ப்பொடி மட்டும் வேண்டாம் என்று அவர் சிரித்தபோதுதான் மகனின் முகம் தெளிந்தது.

லோணார் ஏரி காணத் தக்கது. விண்கல் வீழ்ந்து எரிமலைப் பாறையில் ஏற்பட்ட வட்டப் பள்ளம். குறுக்களவு ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர். விளிம்பில் நின்றால் கீழே காடும், காட்டின் நடுவே அசையாத உவர் நீரும், கரையில் சிதைந்த கோயில்களும் தெரிகின்றன. 2020 ஜூனில் உப்பில் வாழும் நுண்ணுயிர்கள் பெருகி நீர் முழுவதும் இளஞ்சிவப்பாக மாறியது. ஊருக்குள் தைத்யசூதன் ஆலயம் இருக்கிறது. லவணாசுரனைத் திருமால் அழித்த இடம் என்பது தலபுராணம். லவணம் என்றாலே உப்பு.

திரும்பி வரும்போது எங்கள் பேச்சு இரயில்வேயைப் பற்றித் திரும்பியது. புறப்படுமுன் வண்டியின் பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோகிராம் அழுத்தம் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். எஞ்சினில் தெரிந்தால் போதாது. கடைசிப் பெட்டியில் இருப்பவரும் தம் கேஜில் பார்க்க வேண்டும். கண்ணுக்கு எட்டாத கோடியில்தான் குறை ஒளிந்திருக்கும் என்பதை அறிந்து அமைத்த முறை அது. நம் சொந்த வண்டியில் அந்தக் கடைசிப் பெட்டி ஸ்டெப்னிதான்.

செய்ய வேண்டியது மிகக் குறைவு. டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் பார்க்க வேண்டும். 10 டிகிரி வெப்பம் மாறினால் ஏறத்தாழ 2 பவுண்டு மாறும். சரியான அளவு ஓட்டுநர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். டயரின் விலாவில் காணும் அளவு அந்த டயர் தாங்கும் உச்சம். அதை வண்டிக்குரிய அளவென்று கொள்ளலாகாது. முழு அளவு ஸ்டெப்னியானால், நிறைந்த பாரத்துக்கு எழுதியிருக்கும் அளவை வைப்பது நலம். மிகையானால் மாட்டியபின் குறைத்துக்கொள்ளலாம், வழியில் கூட்டுவதுதான் கடினம். ஒல்லியான தற்காலிகச் சக்கரமானால் பெரும்பாலும் 60 பவுண்டு கேட்கும். அதன்மேல் எழுதியபடியே வைத்து, மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டாமல் அடுத்த கடை வரை மட்டும் செல்ல வேண்டும். விலாவிலுள்ள நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ஓடாத டயருக்கும் வயதாகும்; பத்தாண்டு கடந்ததை நம்ப வேண்டாம். புதிதாக வண்டி வாங்குவோர் ஸ்டெப்னி உண்டா என்று முதலில் பார்க்கட்டும். அழுத்தம் காட்டும் கருவியும் பங்க்சர் ஒட்டும் சாதனமும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே வண்டி விற்கலாம் என்று 2020-இல் விதி திருத்தப்பட்டிருக்கிறது.

மாதந்தோறும் சம்பள நாளில் ஒரு முறையும், நெடும் பிரயாணத்துக்கு முன் சாமான் ஏற்றுமுன் ஒரு முறையும் இதைச் செய்தால் போதும். கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள், காற்றுப் பிடிக்கும் பையன் குழாயைச் சுருட்டுமுன் பின்கதவைத் திறந்து காட்டுவார்களாக.